டாப்பாட்

மணவறைக்கு முன்னால் நான் முட்டி போட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கோத்தா திங்கியில் ஆற்றுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் கோயில் மண்டபம் அது. பத்தரைக்குள் தாலி என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தார்கள். அந்த அழைப்பிதழை ஐயருக்கு யாரும் காட்டவில்லை போலிருந்தது. ஹோமப் புகை வேறு, நேராக என் கண்ணைத் தேடிக்கொண்டு வந்தது. நாற்பத்தேழு வயது முட்டிக்கு எந்தக் கம்பளத்தை விரித்தாலும் அடியில் இருப்பது சிமெண்டு என்று தெரிந்துவிடுகிறது. எழுந்து நின்று இடுப்பை ஒரு தடவை நிமிர்த்தினால் போதும், வேறு எந்த வரமும் வேண்டாம் என்று அந்தக் கோயில் அம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை நான் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். எல்லைக்கு இந்தப் பக்கம் ஜொகூர் பாருவில் விடிகாலை மூன்றே முக்காலுக்கு எழுந்து, எல்லைப் பாலத்தில் பஸ்ஸிலேயே ஒரு தூக்கம், கிடங்கு வாசலில் ஒரு தூக்கம், திரும்பி வரும்போது பாலத்தில் இன்னொரு தூக்கம் என்று துண்டு துண்டாகத் தூங்கி வாழ்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். சனி, ஞாயிறு வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போய்விடுகிறேன். "ஒங்களுக்கு ஓய்வுன்னாலே ஒடம்புக்கு ஒத்துக்காது," என்பாள் என் மனைவி. அவள் சொல்வதில் தப்பில்லை. ஆனால் ஐந்து நாளும் நான் தூக்கி அடுக்குகிற பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. சனி ஞாயிறில் நான் எடுப்பது என்ன என்று எனக்குத் தெரியும். அதற்காக முட்டி தேய்ந்தால் தேயட்டும்.

இந்தக் கிறுக்கை எனக்குப் பிடிக்க வைத்தவள் ஷர்மினி. என்னைவிடப் பதினெட்டு வயது இளையவள். குரு என்று சொன்னால் வாய்விட்டுச் சிரிப்பாள், அதனால் மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொள்வேன். ஐந்து வருடங்களுக்கு முன்னால் அவளும் எங்கள் கம்பெனி பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் பாலத்தில் பஸ் நகராமல் நின்றபோது, பக்கத்து இருக்கையிலிருந்து கைப்பேசியை நீட்டினாள். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கேக்காம எடுத்துட்டேன். வேணாம்னா இப்பவே அழிச்சிடறேன்." பார்த்தால் நான். வாயைப் பிளந்துகொண்டு, சன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறேன். கண்ணாடிக்கு வெளியே மோட்டார் சைக்கிள் விளக்குகள் வரிசையாகப் போகின்றன.

"அசிங்கமா இருக்கேன்மா," என்றேன்.

"அசிங்கம் இல்லண்ணே. களைச்சுப் போயிருக்கீங்க. அதயும் யாராச்சும் பாக்கணும்ல?"

என்னை அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. மனைவி பார்த்திருப்பாள், ஆனால் பார்க்கிற நேரத்தில் அவளும் களைத்துப் போயிருப்பாள். அடுத்த வருடம் ஷர்மினி வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் படம் எடுக்கப் போனபோது தன் பழைய கேமராவை என்னிடம் தள்ளிவிட்டாள். அதைக் கையில் வாங்கிய நாளிலிருந்து அவள் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன். எங்கள் குழுவில் மூன்றாவது ஆள் யூஜின். வாரநாளில் கார் பட்டறையில் வேலை செய்கிறான். முந்நூறு இந்துக் கல்யாணம் பார்த்த கத்தோலிக்கன். அடுத்த சடங்கு என்ன என்று எங்களுக்குச் சொல்வதே அவன்தான்.

எங்களுக்குள் ஒரு வார்த்தை உண்டு. டாப்பாட். மலாயில் 'கிடைத்துவிட்டது' என்று அர்த்தம். ஒரு படம் சரியாக விழுந்துவிட்டால் எடுத்தவர் "டாப்பாட்!" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் உடனே அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விட வேண்டும். "ஒரே படத்த மூணு பேரு எடுத்தா அது மூணு படம் இல்லண்ணே. ரெண்டு படம் போச்சுன்னு அர்த்தம்," என்பாள் ஷர்மினி. தமிழ்க் கல்யாணத்தில் "கிடைச்சிருச்சு" என்று கத்தினால் பத்துப் பேர் என்ன கிடைத்தது என்று திரும்பிப் பார்ப்பார்கள். டாப்பாட் என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மூன்று பேர் ஆறு பேராக வேலை செய்ததெல்லாம் இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான்.

அன்று காலை காரிலிருந்து சாமான்களை இறக்கும்போது ஷர்மினி ஒன்று சொன்னாள். "இன்னிக்குத் தாலி ஒங்களுது, சுகு அண்ணே. முன்னால நீங்க இருங்க. நான் பின்னால போயி முடிச்ச எடுக்கறேன்." நான்கு வருடத்தில் முதல் தடவை. இத்தனை நாளும் முன்பக்கம் அவளுடையது. நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு லென்ஸைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த லென்ஸ்தான். சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ள எனக்கு வராது.

மணப்பெண் லோஷினி. அவள் அப்பா ஆறு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். அம்மா பேச்சியம்மாள், ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவர். காலையில் வீட்டில் படம் எடுத்தபோது எங்களுக்குக் காப்பி கொடுத்து, மகள் தலையில் பூவைச் சரிசெய்து, ஜடையில் ஒரு ஊக்கைக் கழற்றி மறுபடியும் குத்தி, எல்லாம் அவர்தான். கோயிலுக்கு வந்ததும் ஆளைக் காணோம். தாரை வார்த்துக் கொடுக்கப் பெரியப்பாவும் பெரியம்மாவும் மணவறையில் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா கடைசி வரிசைக்கும் பின்னால், தூணோரம் போய் நின்றுகொண்டார். யாரும் போகச் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் யார் சொல்வார்கள்? ஆனால் முன்னால் வரச் சொல்லியும் ஒருத்தரும் கூப்பிடவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. கேமராக்காரன் எரிச்சலுக்கு அங்கே என்ன மரியாதை.

பத்து நாற்பதுக்குக் கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை ரூபேந்திரன் தாலியை இரண்டு கையாலும் எடுத்தான். லோஷினி தலையைக் குனிந்திருந்தாள். அவன் முழங்கை அவள் முகத்தை மறைத்தது. கை சற்று உயர்ந்து மஞ்சள் கயிறு கழுத்தைத் தொடுகிற இடத்தில் முகம் தெரியும், அப்போது அழுத்த வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அந்த நேரத்தில்தான் வலது பக்கத்திலிருந்து கேட்டது.

"டாப்பாட்!"

விரல் தானாக ஷட்டரை விட்டு விலகியது. ஷர்மினி பின்பக்கத்திலிருந்தே பிடித்துவிட்டாள், முகத்தோடு சேர்த்துப் பிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் மணி அடித்தால் கிளம்பு, சைரன் கேட்டால் நிறுத்து என்று கிடங்கில் பழகிய உடம்பு இது. அது என்னைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்வதில்லை. கேமராவைத் தாழ்த்தினேன். எழுந்து நின்றேன். இடுப்பு சொடக்குப் போட்டது. எவ்வளவு சுகம் அது, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அரிசி என் தலையிலும் தோளிலும் விழுந்தது. அப்புறம் கேமராவைத் தூக்கி அரிசி ஒட்டிய பெண் முகத்தை எடுத்தேன், கும்பிட்ட கைகளை எடுத்தேன். அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்து முடிந்திருந்தது.

பந்தி ஆரம்பித்த பிறகு மண்டபத்துக்குப் பின்னால், கை கழுவுகிற இடத்தில் மூவரும் கூடினோம். ஷர்மினி என்னிடம் கையை நீட்டினாள். "காட்டுங்கண்ணே, முன்பக்கம் எப்படி வந்திருக்கு?"

"நீதானம்மா எடுத்தே? நீதான டாப்பாட் சொன்னே?"

"நான் சொல்லல." அவள் முகம் மாறியது. "மாப்பிள்ள அக்கா மூணாவது முடிச்சு போட வந்தாங்க, கூடவே நாலு பேரு. எனக்கு முன்னால ஒரே முதுகு. சரி, சுகு அண்ணே முன்னால இருக்காருல்ல, அப்படின்னு விட்டுட்டேன்."

"அலமாக்," என்று தலையில் கை வைத்தான் யூஜின்.

யார் சொன்னது என்று நாங்கள் தேட வேண்டியே இருக்கவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா கை கழுவ வந்தவர், கூட வந்தவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மெட்டி ஒன்று உருண்டு கம்பளத்துக்கு அடியில் போய்விட்டதாம். எல்லாரும் கைவிட்ட நேரத்தில் இவர் குப்புறப் படுத்துத் துழாவினாராம். "கைல பட்டுச்சு பாருங்க, டாப்பாட்னு கத்திட்டேன்! மேளத்துல ஒருத்தருக்கும் கேக்கல," என்று சிரித்தார். எனக்குக் கேட்டது. பெண் குரலா ஆண் குரலா என்றுகூட யோசிக்காத அளவுக்கு நன்றாகக் கேட்டது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நாங்களும் செய்தோம். முன் வரிசையில் இருந்த மூன்று பேரிடம் கைப்பேசியைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். ஒன்றில் அரிசி, ஒன்றில் நாதஸ்வரக்காரர், ஒன்றில் யாரோ ஒருவரின் உள்ளங்கை. யூஜின் பின் மூலையிலிருந்து கூட்டத்தை எடுத்துக்கொண்டிருந்தவன். அவன் கேமராவில் அந்த நேரத்துப் படங்கள் வரிசையாக இருந்தன, ஆனால் எல்லாம் தலைகளும் முதுகுகளும். தாலியைத் தேடிய கண்ணுக்கு வேறெதுவும் படவில்லை. வீடியோ வேண்டாம் என்று வீட்டார் முதலிலேயே சொல்லிவிட்டிருந்தார்கள்.

"போஸ் எடுத்துடலாம் லா," என்றான் யூஜின். "மாப்பிள்ள பொண்ணு இன்னும் மணவறையிலதான் இருக்காங்க. கைய கழுத்துக்குப் பின்னால வெக்கச் சொல்லி ரெண்டு எடுத்தா முடிஞ்சிச்சு. இப்ப எல்லாரும் செய்றதுதான."

நான் ஷர்மினியைப் பார்த்தேன். யாரையும் மறுபடி நடிக்கச் சொல்லி அவள் படம் எடுத்து நான் பார்த்ததில்லை. தவறிப்போனது தவறிப்போனதுதான், அடுத்ததைப் பார் என்பவள். முந்தின நாள் தங்காக் ஊரில் ஒரு கல்யாணம், அதற்கு முந்தின நாள் நலங்கு. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள்.

"எடுத்துடுங்கண்ணே. நடந்ததத்தான காட்டப் போறோம்," என்றாள். பிறகு, "எனக்கு இன்னிக்குத் தெம்பு இல்ல," என்றாள்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மணவறையில் சொந்தக்காரர்கள் குடும்பம் குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு இடைவெளி பார்த்து நான் கேட்டேன். "இப்ப என்னத்துக்குண்ணே மறுபடியும்?" என்றாள் லோஷினி. "வெளிச்சம் சரியா அமையலம்மா," என்றேன். ரூபேந்திரன் நல்ல பிள்ளை. சிரித்துக்கொண்டே குனிந்து, கட்டி முடித்த தாலிக்கு மறுபடியும் முடிச்சுப் போடுகிற மாதிரி கையை வைத்தான். யூஜின் விளக்கைப் பிடித்தான். முழங்கையைக் கொஞ்சம் இறக்கச் சொன்னேன், இறக்கினான். முகத்தைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னேன், சாய்த்தாள். எடுத்தேன். இவ்வளவு நல்ல தாலிப் படத்தை நான் எடுத்ததே இல்லை. கயிறு தெரிந்தது, விரல்கள் தெரிந்தன, முகத்தில் வெளிச்சம் இருந்தது, குறுக்கே ஒரு ஆள் இல்லை. அதில் ஒரே ஒரு குறைதான், அது நடக்கவில்லை. மூன்று பேரில் யாரும் டாப்பாட் சொல்லவில்லை.

பந்தி ஓய்ந்து மண்டபம் பாதி காலியானதும் நாங்கள் ஓரமாக ஒரு மேசையில் உட்கார்ந்தோம். பேச்சியம்மாள் மூன்று தட்டைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு தட்டைக் கையிலும் இரண்டை முழங்கை மேலும் வைத்து வருகிற அந்தக் கேண்டீன் பழக்கம், பட்டுப்புடவையிலும் மாறவில்லை.

"மொதல்ல சாப்புடுங்க. காலைலருந்து பாக்கறேன், ஒரு வாய் தண்ணி குடிக்கல நீங்க," என்றார். நாங்கள் சாப்பிட ஆரம்பிக்கும் வரை நின்று பார்த்தார். அப்புறம் பக்கத்து நாற்காலியை இழுத்து நுனியில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கலாமா? அந்தத் தாலி கட்டுற படம் ஒண்ணு மட்டும் காட்டுவீங்களா? மத்ததெல்லாம் மெதுவா வரட்டும்."

நான் சோற்றில் கையை வைத்தபடி இருந்தேன்.

"நான் பின்னாலயே நின்னுக்கிட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லல, எனக்கே ஒரு இது. மேளம் கேட்டுச்சு. எல்லாரும் எழுந்துட்டாங்க. எக்கி எக்கிப் பாத்தேன், ஒண்ணும் தெரியல. சரி, கேமராக்காரங்க இருக்காங்க, படத்துல பாத்துக்கலாம்னு மனசத் தேத்திக்கிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

கேமரா என் மடியில் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அந்த அழகான படம் வரும், அவர் கண் நிறையும், எனக்கு ஒரு கும்பிடும் கிடைக்கும். பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டுவார். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது பார்ப்பார். அவர் எக்கி எக்கிப் பார்த்தும் கிடைக்காமல் போன அந்த ஒரு விநாடி இருக்க வேண்டிய இடத்தில், நான் முழங்கையை இறக்கச் சொல்லி எடுத்த ஒன்று போய் உட்கார்ந்துகொள்ளும். அவர் சாகிற வரைக்கும் அது அங்கேயே இருக்கும். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஷர்மினியைப் பார்த்தேன். அவள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். செய் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முகத்தில் களைப்பு மட்டும்தான் இருந்தது. முன்பக்கத்தை அவள் என்னிடம் கொடுத்துவிட்டாள். அதற்குமேல் அவள் சொல்ல என்ன இருக்கிறது.

"அக்கா, அந்தப் படம் எங்ககிட்ட இல்ல," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "அழிஞ்சிருச்சா?"

"எடுக்கலக்கா. எடுக்க வேண்டியவன் நான். வேற யாரோ சொன்னதக் கேட்டு, முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு கேமராவ எறக்கிட்டேன். அப்புறம் மணவறையில மாப்பிள்ளயக் கைய வெக்கச் சொல்லி ஒண்ணு எடுத்தேன். அது வேணும்னா இருக்கு. ஆனா அது அது இல்ல."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஷர்மினி எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். "அவரு மட்டும் இல்லம்மா. அவரு எடுத்திருப்பாருன்னு நானும் பாக்காம விட்டுட்டேன். எங்க எல்லாரோட தப்புந்தான். மன்னிச்சுக்குங்க," என்றாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

பேச்சியம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "அப்ப ஒண்ணுமே இல்லையா, தம்பி?" என்றுதான் கேட்டார். அந்த 'ஒண்ணுமே' எனக்குத் தாங்கவில்லை.

யூஜின் தன் கேமராவில் தேடி எடுத்து மேசை மேல் அவர் முன்னால் வைத்தான். "அந்த நேரத்துல எடுத்தது இதுதான் ஆன்ட்டி. பின்னாலருந்து எடுத்தது," என்றான்.

அவர் குனிந்து பார்த்தார். நானும் அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். தூக்கிய கைகள், அந்தரத்தில் நிற்கிற அரிசி. ஓரத்தில், தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். முக்கால்வாசி முதுகு, ஒரு கன்னம். வெறுங்காலில் குதிகால் இரண்டும் தரையிலிருந்து மேலே எழும்பியிருக்கின்றன. கழுத்து எவ்வளவு நீள முடியுமோ அவ்வளவு நீண்டிருக்கிறது.

"நானா இது?" என்றார். கொஞ்ச நேரம் தன் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "தாலி எங்க கட்டுறாங்க இதுல?" என்றார்.

"அங்கதான்க்கா. அந்த ஆளுக்கு அந்தப் பக்கம்."

"யாரு அது, எல்லாருக்கும் முன்னால நட்டமா நிக்கிறது?"

கறுப்புச் சட்டை. அகலமான முதுகு. கீழே தொங்குகிற கையில் கேமரா.

"நான்தான்," என்றேன்.

அவர் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டார். படத்தில் இருந்த என் முதுகின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து, திரைச்சீலையை விலக்குகிற மாதிரி மெதுவாக ஒரு பக்கமாகத் தள்ளினார். படம் நகர்ந்து அடுத்தது வந்தது. அரிசி ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. குதிகால்கள் அப்படியே எழும்பி நின்றன. என் முதுகும் அதே இடத்தில் இருந்தது.

அவர் மறுபடியும் தள்ளினார்.